அடிபட்டவரைப் பார்க்கப் போவது எப்படி?

முதலில் ஒரு போன் வரும். "மாமனுக்கு ஆக்சிடென்ட் ஆகிப்போச்சுங். எக்ஸெல்லுல வந்திருக்காரு, டெம்போக்காரன் தட்டீட்டானாமா. கால்ல அடி." சொன்னவருக்கு இதற்குமேல் ஒன்றும் தெரியாது. அதற்காக நீங்கள் சும்மா இருக்கக் கூடாது. உடனே பத்துப் பேருக்குப் போன் போடுங்கள். போனுக்கு ஓர் எலும்பு வீதம் மாமனுக்குக் கூடுதலாக உடையலாம். செய்தி முத்தூர்ச் சின்னம்மாவிடம் போய்ச் சேரும்போது அவர் வெண்டிலேட்டரில் இருப்பார். மூலனூர்ப் பங்காளிகளை எட்டும்போது, பந்தலுக்குச் சொல்லலாமா வேண்டாமா என்று அங்கே பேச்சு ஓடும்.

அடுத்த வேலை, எந்த ஆசுபத்திரி என்று முடிவு செய்வது. இதில் வெள்ளகோவில்காரர்களான நமக்கு இருக்கும் வசதி எல்லா ஊருக்கும் வாய்க்காது. கிழக்கே போனால் கரூர், வடக்கே போனால் ஈரோடு, மேற்கே காங்கேயம் போய்ப் பிரிந்தால் ஒரு பக்கம் திருப்பூர், இன்னொரு பக்கம் பல்லடம் வழியாகக் கோயமுத்தூர். போனில் நாலு பேர் இருந்தால் நாலு ஊர். 2009-இல் திருப்பூர் மாவட்டம் பிரிந்துவிட்டது. ஆனாலும் வயதானவர்களுக்கு இது இன்னும் ஈரோடு ஜில்லாதான், அவர்கள் ஓட்டு ஈரோட்டுக்கு. கரூரில் பெண் கொடுத்தவர் கரூரை விட்டுக்கொடுக்க மாட்டார். துபாயிலிருக்கும் மாப்பிள்ளை மெட்ராஸுக்குக் குறைந்து எதையும் பேச மாட்டார். இதற்குள் 108 வண்டி யாரையும் கேட்காமல் மாமனைப் பக்கத்து அரசு ஆசுபத்திரியில் இறக்கியிருக்கும். அங்கே ரத்தத்தை நிறுத்தி, காலை அசையாமல் கட்டி, கோயமுத்தூருக்கு அனுப்பியிருப்பார்கள். அதற்காக விவாதத்தை நிறுத்திவிட வேண்டாம். "கரூருக்குக் கொண்டுபோயிருந்தா இந்நேரம் எந்திரிச்சு உக்காந்திருப்பாரு" என்ற பேச்சு இன்னும் பல மாதம் உழைக்க வேண்டியது.

இந்தச் சமயத்தில் யாராவது ஒருவர், பெரும்பாலும் காலேஜ் படிக்கும் பெண், "அந்த 48 மணி நேரத் திட்டம் இருக்குதுங்களே" என்று ஆரம்பிப்பார். அடக்கிவிடுங்கள். 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' என்று 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கிய திட்டம் அது. தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலையில் அடிபட்டவர் எந்த மாநிலத்தவரானாலும், எவ்வளவு சம்பாதிப்பவரானாலும், திட்டத்தில் சேர்ந்த அரசு, தனியார் ஆசுபத்திரிகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் காசு கட்ட வேண்டியதில்லை. என்னென்ன சிகிச்சை என்று பட்டியல் உண்டு, தொகைக்கும் வரம்பு உண்டு. பில் போடும் இடத்தில், "நீங்க 48-ல இருக்கறீங்களா?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். ஆனால் அப்படிக் கேட்டால் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள்? ராத்திரியோடு ராத்திரியாக நகையை அடகு வைத்துக்கொண்டு ஓடினால்தான் பாசம் நாலு பேருக்குத் தெரியும். அத்தையின் வளையல் போனபிறகு அந்தப் பெண் சொன்னதை எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். பெண்ணிடம் மட்டும் சொல்ல மாட்டார்கள்.

ரோட்டைப் பற்றியும் ஆளுக்கொரு கருத்துச் சொல்ல வேண்டியிருக்கும். கரூர்–கோயமுத்தூர் சாலை ஊர் நடுவில் போகிற வரைக்கும் அதற்குப் பஞ்சமில்லை. இதில் மட்டும் கிண்டல் செய்ய எனக்கு மனம் வரவில்லை. 2024 ஏப்ரலில் ஊருக்குப் பக்கத்தில் ஓலப்பாளையத்தில் அரசுப் பஸ்ஸும் காரும் மோதி ஒரே குடும்பத்தில் 5 பேர் போய்விட்டார்கள். அந்தப் பக்கம் தினமும் போய்வருகிறவர்கள் இன்னும் அந்த இடத்தில் பேச்சை நிறுத்துகிறார்கள். காலோடு போனது என்று மாமனைப் பற்றிச் சொல்வதில் அர்த்தம் இருக்கிறது.

இனி, கிளம்புவது. சரியான நேரம் முதல் மூன்று நாள். அப்போது மாமன் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பார். உங்களை உள்ளே விட மாட்டார்கள், விட்டாலும் அவருக்கு நினைவிருக்காது, உங்களால் ஆகக்கூடியதும் ஒன்றுமில்லை. ஒறம்பரை கூடுவதற்கு இதைவிடத் தோதான நாள் அமையாது. கோயமுத்தூர் ஏறக்குறைய 90 கிலோமீட்டர். பஸ்ஸில் போனால் சிங்காநல்லூரில் இறங்கி மறுபடி பஸ் பிடிக்க வேண்டும், நாலு பேராகத்தான் போகவும் முடியும். டெம்போ டிராவலர் பேசிவிட்டால் பதினாலு பேர் போகலாம். பதினாலு பேர் அவ்வளவு தூரம் போய்விட்டு மருதமலைக்குப் போகாமல் வந்தால் சாமி குற்றமாகிவிடும். ஒப்பணக்கார வீதியையும் பார்த்துவிட்டால் வர இருக்கும் நோம்பிக்குத் துணி எடுக்கத் தனியாக வர வேண்டியதில்லை. ஆசுபத்திரியை நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் போனால் பசியோடு அழ வேண்டியிருக்கும், சாயங்காலம் போனால் களைத்துப்போயிருப்பீர்கள்.

வாசலில் ஒரு நோயாளிக்கு ஒரு பாஸ் என்பார்கள். செக்யூரிட்டித் தம்பியிடம் பதினாலு பேரும் கூடப்பிறந்தவர்கள் என்று சொல்லிப் பார்க்கலாம். அவர் காங்கேயம் பக்கத்துப் பையனாக இருந்தால் ஊர் கேட்டு, கோயில் கேட்டு, தோட்டம் கேட்டு, கடைசியில் நமக்கு மருமகன் முறை ஆக்கிவிட முடியும். இது கைகூடிய சந்தர்ப்பங்கள் உண்டு.

உள்ளே போனவர்கள் வெளியே வந்ததும் "எத்தனை மார்க்கு?" என்று கேட்க மறக்கக் கூடாது. தலையில் அடிபட்டவர்களுக்கு மார்க் போடும் வழக்கம் 1974-இல் கிளாஸ்கோ நகரத்தில் டீஸ்டேல், ஜென்னட் என்ற இரண்டு மருத்துவர்கள் கொண்டுவந்தது. கண் திறக்கிறாரா, கேட்டால் பதில் சொல்கிறாரா, சொன்னபடி கைகாலை அசைக்கிறாரா என்று பார்த்து மொத்தம் 15-க்குப் போடுவார்கள். ஒன்றுமே செய்யாமல் கிடந்தாலும் 3 உண்டு. நம் ஊரில் எந்தப் பரீட்சையிலும் இல்லாத தாராளம். கால் முறிந்து எலும்பு வெளியே வந்திருந்தால் இன்னொரு மார்க் இருக்கிறது. அது கோயமுத்தூரிலேயே பிறந்தது. கங்கா ஆசுபத்திரி மருத்துவர்கள் உருவாக்கி 2006-இல் வெளியிட்டார்கள். தோல் எவ்வளவு போயிருக்கிறது, எலும்பு எவ்வளவு நொறுங்கியிருக்கிறது, தசையும் நரம்பும் எப்படி, ஆளுக்குச் சர்க்கரை உண்டா, வயதென்ன, எவ்வளவு நேரம் கழித்து வந்தார் என்றெல்லாம் கூட்டுவார்கள். 14-க்குள் நின்றால் காலைக் காப்பாற்றப் பார்க்கலாம். 17-உம் அதற்கு மேலும் போனால் எடுத்துவிடுவதைப் பற்றிப் பேச வேண்டும். 15, 16 என்றால் அனுபவப்பட்டவர்கள் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். ஆக, தலைக்கு மார்க் ஏறினால் நல்லது, காலுக்கு இறங்கினால் நல்லது. உங்கள் வேலை இரண்டையும் ஒன்றாக்கி, "பதினாலாம், பயமில்லையாமா" என்று ஒருவரும் "பதினாலுதானாம், பாவம்" என்று இன்னொருவரும் ஊருக்குப் போன் செய்வது.

கை வீசிக்கொண்டு போகக் கூடாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஹார்லிக்ஸ், பிரெட், சாத்துக்குடி எல்லாம் வெளியூர்க்காரர்கள் வழக்கம். கொப்பரைக் களமும் எண்ணெய் ஆலையும் சூழ்ந்த நம் பக்கத்திலிருந்து போகிறவர் இளநீர் இல்லாமல் போனால் தோப்பு இல்லாதவர் என்று ஆகிவிடும். ஒரு குலை கொண்டுபோங்கள். மயக்கம் முழுசாகத் தெளியாதவர் வாயில் இரண்டு மடக்கு ஊற்றினால் அது வயிற்றுக்குப் பதில் நுரையீரலுக்குள் இறங்கும் என்று நர்ஸம்மா கத்துவார். தசை நசுங்கியவர்களுக்குச் சிறுநீரகம் தடுமாறும், உடம்பில் பொட்டாசியம் ஏறும், இளநீரில் இருப்பதே பொட்டாசியம்தான், அது எல்லை மீறினால் நெஞ்சுத் துடிப்பையே குலைத்துவிடும் என்று டாக்டர் விளக்குவார். "எளநியில என்னுங் கெடுதல்? எங்க தோப்பு, மருந்தே அடிக்கறதில்ல" என்று சொல்லிவிட்டு, அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் ஊற்ற முயலலாம். பல ஆசுபத்திரிகளில் கட்டில் தலைமாட்டில் 'வாய்வழி எதுவும் கூடாது' என்று அட்டை தொங்குவதற்கு நாம்தான் காரணம். அதில் ஒரு பெருமை இருக்கிறது.

படுக்கையருகே என்ன பேசுவது என்று பலர் தயங்குகிறார்கள். தயக்கமே வேண்டாம். "ஏனுங் மாமா, நல்லா இருக்கறீங்களா?" என்று தொடங்குங்கள். காலில் நாலு கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மனிதர் என்ன சொல்வார் என்று யோசிக்க வேண்டாம். நல்லா இருக்கறேன் என்றுதான் சொல்வார், நம் ஆட்கள் அப்படித்தான். பிறகு இதே இடத்தில் அடிபட்டுச் செத்துப்போனவர்களின் விவரத்துக்கு வரலாம். குறைந்தது இரண்டு பேர் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். முடிக்கும்போது, "ஹெல்மெட்டு போட்டிருந்தா இவ்வளவு இருக்காது" என்று கட்டாயம் சொல்ல வேண்டும். காலில் அடிபட்டவரிடமும் சொல்லலாம்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் மாமன் ஒரு ராத்திரி திடீரென்று தறி ஓடுதா பாருடா என்று சத்தம் போடுவார். குழாயைப் பிடுங்கப் பார்ப்பார். செத்துப்போன அப்பாருடன் பேசுவார். உடனே ஊரில் விபத்து நடந்த புளியமரத்தடியைப் பற்றி விசாரிக்கத் தொடங்கி, மந்திரித்த கயிற்றுக்கு ஆளனுப்பலாம். இப்படி மனம் தடுமாறுவது அங்கே படுத்திருப்பவர்களில் நிறையப் பேருக்கு நேர்வது. வலி மருந்து, தூக்கமின்மை, ராத்திரி பகல் தெரியாத டியூப் லைட், காய்ச்சல் எல்லாம் சேர்ந்து செய்கிற வேலை. பெரும்பாலும் சில நாளில் தெளிந்துவிடும். அவருடைய கண்ணாடியை மாட்டிவிட்டு, சுவரில் மணி தெரியும்படி வைத்து, பழகிய குரலில் "இன்னைக்கு வெசாழக்கெழமைங், கோயமுத்தூர்ல இருக்கறோம், கால்ல ஆபரேசன் ஆயிருக்குது" என்று ஒருத்தர் அமைதியாகத் திரும்பத் திரும்பச் சொன்னால் பிடித்துக்கொண்டு மேலே வருவார். இதற்குப் பதினாலு பேர் தேவையில்லை என்பதுதான் இந்த முறையில் உள்ள குறை.

கால் வீங்கியிருந்தால் எண்ணெய் போட்டு நீவிவிட ஓர் ஆத்தா முன்வருவார். செக்கில் ஆட்டிய எண்ணெய் பாட்டில் முந்தானையில் முடிந்திருக்கும். நாள்கணக்கில் அசையாமல் கிடக்கும் காலின் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருக்கக் கூடும். நீவினால் அந்தக் கட்டி பெயர்ந்து நுரையீரலில் போய் அடைத்துக்கொள்ளும். ஆத்தாவிடம் இதைச் சொல்லிப் புரியவைத்த மருத்துவரை நான் பார்த்ததில்லை. ஆத்தாவின் கையில் தலையணையைக் கொடுத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் மாமனை ஒரு பக்கமாகத் திருப்பி முதுகுக்குப் பின்னால் அணைகொடுக்கச் சொன்ன ஒரு நர்ஸைப் பார்த்திருக்கிறேன். படுக்கைப் புண் வராமல் இருக்க அதுதான் வைத்தியம். ஆத்தா கடிகாரமே பார்க்காமல் சரியான நேரத்துக்கு எழுந்தார். இன்னொரு பக்கம், புத்தூர்க் கட்டுப் போட்டால் ஒரு மாதத்தில் நடந்திருப்பார் என்று சொல்ல ஒருத்தர் இருப்பார். தோலைக் கிழித்துக்கொண்டு வந்த எலும்புக்கு அங்கே என்ன செய்வார்கள் என்று அவரிடம் கேட்டு வேடிக்கை பார்க்க வேண்டாம், அவரும் பாசத்தில்தான் சொல்கிறார். மாமனை லிப்டில் கீழே அழைத்துப்போய் ரகசியமாக ஒரு பீடி வாங்கிக்கொடுக்கும் மச்சானும் பாசத்தில்தான் செய்கிறார். புகைப்பவர்களுக்கு எலும்பு ஒட்டத் தாமதமாகும் என்பது மச்சானுக்குத் தெரியாது. தெரிந்தாலும் அரை பீடிதானே என்பார்.

வேண்டுதல் வைக்காமல் திரும்பக் கூடாது. வீரக்குமாரசாமிக்கு ஒன்று, சிவன்மலைக்கு ஒன்று. இதெல்லாம் சிறியவை. உண்மையான அன்புள்ளவர், கால் நல்லபடியாக வந்தால் மாமன் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்தே வருவார் என்று அவரைக் கேட்காமல் அவர் பெயரில் வேண்டிக்கொள்வார். தொடை எலும்பு சேர மூன்று மாதத்திலிருந்து ஆறு மாதம் பிடிக்கும், முழங்காலுக்குக் கீழே முறிந்து வெளியே வந்தது இன்னும் இழுக்கும் என்றெல்லாம் முருகனுக்குத் தெரியும். அவர் தவணை கொடுப்பார், வேண்டியவர் கொடுக்க மாட்டார்.

கிளம்பும்போது தலையணைக்கடியில் ஒரு கவர் வைப்பது நல்ல வழக்கம்தான். ஐந்நூறு, ஆயிரம், அவரவர் சக்திக்கு. அத்தை அதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருப்பார். நாளைக்கு உங்களுக்கு அடிபட்டால் திருப்பிச் செய்ய வேண்டுமே.

இதோடு உங்கள் கடமை முடிந்தது. பதினைந்தாம் நாள் கூட்டம் பாதியாகும். மாதம் ஒன்று ஆகும்போது மாமனை டிஸ்சார்ஜ் செய்து கூட்டிவந்து, காருக்குள்ளிருந்து நாலு பேர் தூக்கி இறக்கும்போது, அந்த நாலு பேரைத் தேட வேண்டியிருக்கும். மூன்றாம் மாதம் யாரும் வர மாட்டார்கள். வர வேண்டியதும் இல்லை என்றுதான் இந்த வழிகாட்டியின் முதல் பகுதி முடிகிறது. பழக்கத்தை மீற நினைக்கிற முரடர்களுக்காக மிச்சத்தையும் எழுதுகிறேன்.

அத்தையைப் பாருங்கள். முதல் நாளிலிருந்து கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுப் படுத்தவர் அவர்தான். அவருக்கும் சர்க்கரை உண்டு. மாத்திரை வீட்டு அலமாரியில் இருந்தது, யாரும் எடுத்துவரவில்லை. வந்தவர்களெல்லாம் மாமனுக்குத்தான் இளநீர் கொண்டுவந்தார்கள். "அம்மிணி, இன்னைக்கு ராத்திரி நான் இருக்கறேன், நீ போய்த் தூங்கு" என்று சொன்ன ஒறம்பரை அந்தப் பதினாலு பேரில் எத்தனை பேர் என்று அவரிடம் கேட்டால் விரலைக்கூட மடக்க வேண்டியிருக்காது.

வீட்டில் மாடு இருக்கிறது. காலை ஐந்தரைக்குப் பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றவில்லையென்றால் மாட்டுக்கு மடி வீங்கும், அந்த வாரக் கணக்கும் போகும். களத்தில் காய்ந்துகொண்டிருக்கும் கொப்பரையை மழைக்கு முன் வாரிப்போட ஆள் வேண்டும். தறி நின்றால் நூல் கொடுத்தவர் வேறு இடம் பார்ப்பார். பக்கத்துத் தோட்டத்துப் பையன் ஒருத்தன், மாமனோடு வாய்க்கால் தகராறில் இரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவன், சொல்லாமல் கொள்ளாமல் வந்து பால் கறந்துவிட்டுப் போனான் என்று கேள்விப்பட்டால் வியப்படைய வேண்டாம். நம் ஊரில் கோயமுத்தூர் வரை போக முடியாதவர்கள் இப்படித்தான் ஏதாவது செய்துகொண்டிருப்பார்கள்.

காகிதம் இன்னொன்று. யாரும் கேட்டு வாங்காத வேலை இது. ஆசுபத்திரியில் முதலில் எழுதிய ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பி, போலீஸ் ஸ்டேஷனில் எப்.ஐ.ஆர்., டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, ஒரிஜினல் பில்கள் எல்லாம் ஒரே மஞ்சப்பையில் இருக்க வேண்டும். பாதி பில் ஹார்லிக்ஸ் டப்பாவுக்கடியில் ஈரமாகிக் கிடக்கும். மோட்டார் வாகன விபத்து நஷ்டஈட்டு மனுவை ஆறு மாதத்துக்குள் போட வேண்டும் என்ற சட்டப் பிரிவு 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. மாமனுக்கு எலும்பு ஒட்டுவதற்குள் அந்தக் கெடு முடிந்துவிடும். வார்டு வாசலிலேயே, "எல்லாம் நான் பாத்துக்கறனுங், நீங்க இங்க ஒரு கையெழுத்து மட்டும் போடுங்" என்று வருகிற ஆளிடம் மயக்கத்தில் இருக்கும் மனிதரின் கைநாட்டை வாங்க விடாதீர்கள். 48 மணி நேரத்துக்குப் பிறகான செலவுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை. கார்டு எடுக்காத வீடாக இருந்தால் வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டும் ஆதாரும் எடுத்துக்கொண்டு திருப்பூர் கலெக்டர் ஆபீசுக்கு ஓட ஒருத்தர் வேண்டும். டெம்போ டிராவலர் அந்தப் பக்கம் போவதில்லை. அங்கே மருதமலை இல்லை.

கடைசியாக, மூன்றாம் மாதம். ஏதாவது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குப் போய்ப் பாருங்கள். அத்தை மாட்டுக்குத் தீவனம் வாங்கப் போயிருப்பார். மாமன் திண்ணையில் வாக்கரைப் பக்கத்தில் நிறுத்திவிட்டு உட்கார்ந்திருப்பார். முழங்கால் மடங்காது. தினமும் மடக்க வேண்டும், வலிக்கும், தனியாக இருந்தால் யாரும் பார்க்கவில்லை என்று நாலோடு நிறுத்திவிடுவார். பொடக்காலிக்குப் போக எழுந்திருக்கவும் ஆள் வரும்வரை அடக்கிக்கொண்டிருப்பார், கூச்சம். எதுவும் வாங்கிக்கொண்டு போக வேண்டாம். எப்படி ஆச்சு என்று கேட்க வேண்டாம், அதை அவர் நூறு பேருக்குச் சொல்லிவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்து, மடக்கும்போது பத்து வரை எண்ணுங்கள். ஏழில் நிறுத்தினால் மறுபடி ஒன்றிலிருந்து. நடுவில் பேச விஷயம் வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை முருங்கைக்காய் என்ன விலைக்குப் போனது என்று கேட்டுக்கொண்டு போங்கள். ஏறியிருந்தால் நாம் விற்காமல் போனதைப் பேசலாம். இறங்கியிருந்தால் வியாபாரிகளைப் பேசலாம்.